கோட்டோரம் நின்றவர்

ஆறு கோல் வாங்கித் தோற்ற மறுநாள் சாயங்காலம் கிளீட்டஸ் தன் குருவைத் தேடிப் போனார். குரு என்றால் தாடியும் காவியும் இல்லை. கிளீட்டஸுக்குக் கால்பந்து பழக்கிய பெர்க்மான்ஸ் மாஸ்டர்தான். சிஷ்யனுக்கே இப்போது தலை நரைத்துவிட்டது. தங்கள் கடற்கரை ஊர் அணிக்கு இப்போது கிளீட்டஸ்தான் பயிற்சியாளர்.

சுற்றுவட்டாரத்து அணிகளையெல்லாம் ஊதித் தள்ளுகிற பையன்கள், துறைமுக அணி வந்தால் மட்டும் சுருண்டுவிடுகிறார்கள். வருகிற ஞாயிறு மறுபடியும் அவர்களோடுதான் ஆட்டம். அதிலும் தோற்றால் அணியைக் கலைத்துவிடுவதாக ஊர்க் கமிட்டி சொல்லிவிட்டது. பாவம், மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

"நான் சொல்லிக்கொடுத்ததுல என்ன குறை மாஸ்டர்?"

மாஸ்டர் அவரோடு மைதானத்துக்கு வந்தார். பையன்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். கிளீட்டஸ் வழக்கம்போலக் கோட்டோரம் நின்று, யார் முன்னே ஏற வேண்டும், யாருக்குப் பந்தைத் தள்ள வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தினார். அவர் சொன்னதை அச்சுப் பிசகாமல் செய்தார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட.

மாஸ்டர் அவர் கையைப் பிடித்து, வலை வைக்கிற கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப் போனார். ஓலை இடுக்கு வழியாகப் பார்க்கச் சொன்னார்.

கொஞ்ச நேரம் ஆட்டம் ஓடியது. பிறகு பந்து கிடைத்தவன் அதைக் காலடியில் வைத்துக்கொண்டு கோட்டோரம் திரும்பிப் பார்த்தான். பறிக்க வேண்டியவனும் பார்த்தான். கடைசியில் அத்தனை பேரும் ஆட்டத்தை விட்டுவிட்டு, ஆளில்லாத அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கிளீட்டஸுக்கு முந்தைய நாள் ஆட்டம் நினைவுக்கு வந்தது. நேற்று கோல் விழுந்தபோதெல்லாம் தடுப்பாட்டக்காரன் ரெஜிஸின் முகம் பந்துப் பக்கம் இல்லை. கவனம் கெட்ட பயல் என்று எல்லார் முன்னாலும் திட்டி, அவனை அணியை விட்டே விரட்டியிருந்தார்.

"ரெஜிஸ் என்னைத்தான் பார்த்துட்டு நின்னிருக்கான் மாஸ்டர். நான் போய்க் கூட்டிட்டு வாரேன்."

"காலையிலேயே ஆழ்கடல் படகுல ஏறிட்டான். வர ஒரு மாசம் ஆகும்."

கிளீட்டஸ் மணலில் உட்கார்ந்துவிட்டார். ஆனாலும் மனசு ஒப்பவில்லை.

"எப்பவும் இவங்க என்னைப் பார்த்துத்தானே ஆடுறாங்க. மத்த டீமையெல்லாம் ஜெயிச்சாங்களே, அது எப்படி?"

"அந்த டீம்காரங்க, இவங்க உன்னைப் பார்த்துட்டுத் திரும்புற வரைக்கும் காத்து நின்னாங்க. துறைமுகத்துக்காரங்க நிக்கல" என்றார் மாஸ்டர்.