காதில் வடு இல்லாத பன்றி

ஒரு காட்டில் கோடை முழுவதும் வற்றாத குளம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மானும் மாடும் பன்றியும், காலில் குளம்பு உள்ள எல்லாமே, அந்த ஒரு குளத்தில்தான் வாய் வைக்கும்.

ஒரு பங்குனி மாதத்தில், காட்டோரம் மேய வந்த ஊர் மாடுகளுக்குக் கோமாரி கண்டது. கோமாரி வந்தால் வாயெல்லாம் புண்ணாகும். எச்சில் நூல் நூலாக ஒழுகும். குளம்பு வெடித்துக் கால் ஊன்ற முடியாது. பெரிய விலங்கு பத்து நாள் படுத்துவிட்டு எழுந்துவிடும். பால் குடிக்கும் குட்டி எழுந்திருக்காது.

காட்டுக்குத் தலைவர் ஒரு கிழட்டுக் காட்டெருது. அது எல்லோரையும் குளக்கரைக்குக் கூப்பிட்டது.

"மலையடியில் இருக்கும் முள்ளம்பன்றிக்கு ஒரு கொடி தெரியும். அந்தக் கொடியின் சாற்றில் முள்ளை நனைத்துக் காதில் ஒரு குத்து. ஒரு நாள் காய்ச்சல் வரும். ஏழு நாளில் குத்திய இடத்தில் சிவப்பாக வடு காயும். பிறகு கோமாரி அண்டாது" என்றது காட்டெருது.

"குட்டிகளுக்கும் உண்டா?" என்று கேட்டது செம்பி என்னும் புள்ளிமான். அதன் குட்டி பிறந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது.

"பால் மறக்காத குட்டிக்குக் குத்தக் கூடாது. அந்த உடம்பு காய்ச்சலைத் தாங்காது. அதனால்தான் மற்ற எல்லோரும் குத்திக்கொள்ள வேண்டும் என்கிறேன். நம் உடம்பில் நோய் நுழையாவிட்டால் குட்டிகளுக்கும் வராது. இன்றைக்கு எட்டாம் நாள் முதல், காதில் வடு இல்லாத பெரியவர் யாரும் இந்தக் குளத்தில் இறங்கக் கூடாது. இது சட்டம்."

சொல்லிவிட்டுக் காட்டெருது தன் காதைத்தான் முதலில் நீட்டியது. அதன் தோல் அவ்வளவு தடிப்பு. இரண்டு முள் முறிந்து, மூன்றாவது முள்தான் இறங்கியது.

கூட்டத்தின் பின்னால் ஒரு பன்றி மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. அதன் வாலில் பாதியைச் சின்ன வயதில் ஒரு செந்நாய் கடித்துவிட்டது. ஆகையால் அதற்கு மொட்டைவால் என்று பெயர்.

"மொட்டைவால், வா" என்றது காட்டெருது.

"வர மாட்டேன்."

"ஏன்?"

"மருந்து என்ன வேண்டுமானாலும் ஆகட்டும். அந்தத் திருடன் கையால் எனக்கு ஒன்றும் வேண்டாம்."

பிள்ளைகளே, இந்தக் கோபத்துக்குக் காரணம் உண்டு. மூன்று வருடத்துக்கு முன் காட்டில் பெரிய பஞ்சம். மொட்டைவால் காலையிலிருந்து மாலை வரை பாறைக்கு இடையில் மூக்கால் தோண்டி, ஒரு வள்ளிக்கிழங்கை வெளியே எடுத்தது. நோயில் படுத்திருந்த தன் வீட்டுக்காரிக்குக் கொண்டு போக நினைத்தது. அதற்கு முன் வாயைக் கழுவிவிட்டு வரலாம் என்று ஓடைக்குப் போனது. திரும்பி வந்தால் முள்ளம்பன்றி கடைசித் துண்டை மென்றுகொண்டிருந்தது.

"அது என் கிழங்கு!"

"அப்படியா? கிழங்கில் உன் பெயர் எழுதியிருக்கிறதா?" என்று சொல்லி, முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு சிரித்தது முள்ளம்பன்றி.

அன்று இரண்டு பேர் பட்டினியாகப் படுத்தார்கள். கிழங்கு போனதைக்கூட மொட்டைவால் பொறுத்திருக்கும். அந்தச் சிரிப்பை அது மறக்கவில்லை. ஏன் மறக்க வேண்டும்?

இப்போது அது எழுந்து நின்று உறுமியது. "தலைவரே, தோல் என்னுடையது. என் தோலுக்குச் சட்டம் போட நீர் யார்?"

"தோல் உன்னுடையதுதான். குளம் எல்லோருடையது. தோலைத் தூக்கிக்கொண்டு நீ எங்கே வேண்டுமானாலும் போகலாம். குளத்துக்கு மட்டும் வராதே" என்றது காட்டெருது.

"வர மாட்டேன். கெஞ்சவும் மாட்டேன். இன்றிலிருந்தே வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மொட்டைவால் பாதி வாலைத் தூக்கிக்கொண்டு நடந்தது.

வழியில் ஒரு பாறைமேல் நரி உட்கார்ந்திருந்தது. நரிக்குக் குளம்பு இல்லை. கோமாரி அதற்கு வராது. ஆகையால் அதற்குச் சட்டமும் இல்லை, குத்தும் இல்லை.

"அண்ணே! நின்னு பேசினீங்களே, அதுதான் வீரம்!" என்று நரி கையைத் தட்டியது. "ஆனால் குளம் இல்லாமல் என்ன செய்வீர்கள்? எனக்கு ஒரு வழி தெரியும். வேங்கை மரத்தைக் கீறினால் ரத்தம் மாதிரி பால் வடியும் அல்லவா? அதை ஒரு சொட்டு காதில் வைத்துக் காயவிடுங்கள். பார்த்தால் அசல் வடு. குத்தும் இல்லை, காய்ச்சலும் இல்லை. கூட்டத்திலிருந்து நழுவி வந்த கடமான்கூட இப்போதுதான் வைத்துக்கொண்டு போனார்."

"கடமானா?"

"அவரேதான். இன்னும் நாலு பேரும் வைத்துக்கொண்டார்கள். பெயரைச் சொல்ல மாட்டேன், பாவம்."

கடமானைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். கொம்பு மரக்கிளை போல் விரிந்திருக்கும். தைரியம் மட்டும் ஒரு தொட்டாற்சுருங்கி அளவு.

மொட்டைவால் நரியை மேலும் கீழும் பார்த்தது. "என் காதில் வடு இல்லை என்றால் இல்லை. பொய்யை ஒட்டிக்கொண்டு குளத்தில் இறங்குகிறவன் நான் இல்லை. வழியை விடு."

வறண்ட ஆற்றில் இறங்கி அது மணலைத் தோண்டியது. ஒரு பகல் முழுவதும் இடம் இடமாகத் தோண்டிப் பார்த்த பிறகு ஒரு முழம் ஆழத்தில் தண்ணீர் கசிந்தது. கலங்கல்தான். குளத்துத் தண்ணீரின் ருசி அதில் இல்லை. ஆனாலும் யாரிடமும் கேட்காமல் கிடைத்த தண்ணீர். மொட்டைவால் அந்த ஊற்றையே குடித்துக்கொண்டு அங்கேயே கிடந்தது.

எட்டாம் நாள் குளக்கரையில் எல்லோரும் காதைக் காட்டிவிட்டு இறங்கினார்கள். எல்லாக் காதிலும் சிவப்பு. காட்டெருதுக்கு ஒரே மகிழ்ச்சி.

அடுத்த வாரம் கடமான் காட்டோரத்துக்குப் போய், ஊர் மாடுகள் கடித்துப் போட்ட புல்லை மேய்ந்தது. மூன்று நாள் கழித்து அதன் வாயில் எச்சில் நூல் தொங்கியது. "மாங்காய் தின்றேன், பல் கூச்சம்" என்று சொல்லிவிட்டுக் குளத்தில் எல்லோருக்கும் முன்னால் இறங்கியது.

பத்து நாளில் மூன்று மான்குட்டிகள் செத்தன.

காடு அழுதது. அப்போது நரி பாறைமேல் ஏறி, "எல்லோர் காதிலும் வடு இருக்கிறது. இல்லாதவன் ஒருவன்தான். நோய் எங்கிருந்து வந்தது என்று நான் சொல்லவும் வேண்டுமா?" என்று கத்தியது.

எல்லோரும் ஆற்றுக்கு ஓடினார்கள். கொம்புகள் மொட்டைவாலைச் சுற்றி நின்றன.

"கொலைகாரா!" என்றது ஒரு மான்.

மொட்டைவால் அசையவில்லை. வாய்க்கு வெளியே நீண்ட தேற்றைப் பல்லை மணலில் ஒரு முறை தீட்டிக்கொண்டது.

"என் காதில் வடு இல்லை. அதை நான் ஒளித்தேனா? நீங்கள் போட்ட சட்டத்துக்கு வெளியே நின்றேன். உங்கள் குளத்தை இத்தனை நாளில் ஒரு தடவை நக்கியிருப்பேனா? யாராவது பார்த்தீர்களா? பார்த்தவன் முன்னால் வா!"

யாரும் முன்னால் வரவில்லை.

"இப்போது நான் ஒரு சட்டம் போடுகிறேன். எல்லோரும் குளத்துக்குப் போங்கள். காது நனைய முழுகி, கரையில் தேய்த்துவிட்டு வாருங்கள். அதற்குப் பிறகு என்னைக் குத்துகிறவன் குத்தலாம்."

குளத்தில் காட்டெருதுதான் முதலில் முழுகியது. வடு அப்படியே இருந்தது. செம்பி முழுகியது. அதன் வடுவும் அப்படியே இருந்தது.

கடமான் மட்டும் பின்னாலேயே நின்றது. "எனக்குச் சளி" என்றது.

"முழுகு" என்றது காட்டெருது.

கடமான் முழுகியது. கரைக்கு வந்து மரத்தில் காதைத் தேய்க்க வைத்தார்கள். சிவப்புச் சாயம் கழுத்து வழியாக ஒழுகிப் போனது. அடியில் கன்றுக்குட்டியின் காது போல் வழவழப்பான தோல் இருந்தது. இன்னும் நாலு காதுகளும் அப்படியே வெளுத்தன.

"ஒரு குத்துக்குப் பயந்தா?" என்று கேட்டது குட்டியை இழந்த மான். "ஒரே ஒரு குத்துக்கா?"

கடமானுக்குத் தலை நிமிரவில்லை. அந்த ஐந்து பேரையும் காட்டெருது மலைக்கு அந்தப் பக்கம் துரத்தியது. நோய் ஆறி, காதில் அசல் வடு காய்ந்த பிறகுதான் திரும்பலாம் என்றது. நோய் தெளியும்வரை குளத்தில் குட்டிகளை இறக்கக் கூடாது என்றும் சொன்னது.

மொட்டைவாலுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பழி போனது மட்டுமா? பழி சொன்னவர்கள் எல்லோரும் ஆற்றுக்கு வந்து அதன் முன்னால் தலை குனிந்து நின்றார்கள். அது ஊற்றின் பக்கத்தில் ராஜா மாதிரி படுத்துக்கொண்டது.

மறுநாள் மத்தியானம், மணல் கொதிக்கிற வெயிலில் செம்பி வந்தது. காலுக்கு இடையில் அதன் குட்டி நாக்கைத் தொங்கவிட்டு நின்றது. செம்பி தூரத்திலேயே நின்றுகொண்டது.

"அண்ணா, குளத்துத் தண்ணீரைக் குட்டிக்குக் கொடுக்க முடியாது. எனக்குப் பால் வற்றிக்கொண்டு வருகிறது. இந்த ஆற்றில் வேறு தண்ணீர் இல்லை."

"அதற்கென்ன? குடிக்கச் சொல். நான் யாருக்கும் தண்ணீர் இல்லை என்று சொன்னதில்லை."

குட்டி ஓடி வரப் பார்த்தது. செம்பி காலால் மறித்தது.

"ஏன்?" என்றது மொட்டைவால்.

"உங்கள் காதில் வடு இல்லையே, அண்ணா."

மொட்டைவாலுக்கு ரோமம் சிலிர்த்தது. "நேற்றுத்தானே எல்லோருக்கும் நிரூபித்தேன்! பொய் சொன்னது நானா?"

"இல்லை. நீங்கள் பொய் சொல்லவே இல்லை. ஆனால் நேற்று உங்களைச் சுற்றி அத்தனை பேர் வந்து மூச்சு விட்டார்கள். கடமான் எச்சில் ஒழுக இதே மணலில் நின்றது. இன்றைக்கு உங்கள் உடம்பில் நோய் இருக்கிறதா, இல்லையா? உங்களுக்கே தெரியுமா?"

மொட்டைவால் தன் குழியின் கலங்கல் தண்ணீரைக் குனிந்து பார்த்தது.

"கடமானுடையது பொய்க் காது. உங்களுடையது உண்மைக் காது. என் குட்டியின் வாய்க்கு அந்த வித்தியாசம் தெரியாது, அண்ணா. குத்தாத காது இரண்டும் அதற்கு ஒன்றுதான்."

வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. குட்டி முன்னங்காலை மடக்கி மணலில் உட்கார்ந்துவிட்டது.

மொட்டைவால் எழுந்தது. ஆற்றில் மேல்பக்கமாக இருபது அடி போனது. பன்றி எதையும் மூக்கால்தான் தோண்டும்; அதற்கு வேறு விதமாகத் தோண்டத் தெரியாது. ஆனால் அன்று மூக்கைத் தூக்கி, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, முன்னங்காலால் பறித்தது. குளம்பு தேய்ந்தது. மணல் சரிந்து சரிந்து குழியை மூடியது. மூடமூடப் பறித்தது. ஒரு சொட்டு எச்சில்கூட உள்ளே விழாமல் பார்த்துக்கொண்டது. மாலையில் தெளிவான தண்ணீர் கசிந்தது.

"இது புதுசு. நான் வாய் வைக்கவில்லை. தலைவரிடம் சொல், மற்ற குட்டிகளும் வந்து குடிக்கட்டும். நான் கீழ்ப்பக்கம் பழைய குழியில் குடித்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு, நொண்டிக்கொண்டே மலைப்பக்கம் நடந்தது.

வழியில் நரி எதிரே வந்தது. "என்ன அண்ணே, அந்தப் பக்கம் போகிறீர்கள்? கடைசியில் நீங்களும் தோற்றுவிட்டீர்களா?"

மொட்டைவால் நின்றது. "நரியே, பஞ்ச காலத்தில்கூட உன் வயிற்றை இவ்வளவு பெரிதாக நான் பார்த்ததில்லை. காடு அழுகிற நேரத்தில் உனக்கு மட்டும் எங்கே விருந்து? செத்த குட்டிகளை இழுத்துக்கொண்டு போனது நீதானே?"

மொட்டைவால் ஒரு அடி முன்னால் வைத்தது. நரி ஓடிய ஓட்டத்தில் வேங்கை மரத்தைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மலையடியில் முள்ளம்பன்றி தன் வளை வாசலில் உட்கார்ந்திருந்தது.

"அட, மொட்டைவாலா! மூன்று வருடம் கழித்து வந்திருக்கிறாய். சமாதானமா?"

"இல்லை."

"பின்னே?"

"குத்து."

முள்ளம்பன்றி சாற்றில் முள்ளை நனைத்தது. "மொட்டைவால், அன்றைக்கு அந்தக் கிழங்கு..."

"வாயைத் திறக்காதே. முள்ளை மட்டும் நீட்டு."

முள் இறங்கியது.

"வலிக்கிறதா?"

"வலித்தாலும் உன்னிடம் சொல்ல மாட்டேன்."

மறுநாள் முழுவதும் மொட்டைவாலுக்குக் காய்ச்சல் அடித்தது. ஏழு நாளில் காதில் சிவப்பாக வடு காய்ந்தது. எட்டாம் நாள் அது மேல் ஊற்றுக்கு வந்து, பழைய குழியில் நனைத்த காதைச் செம்பிக்கு முன்னால் மரத்தில் தேய்த்துக் காட்டிவிட்டுத்தான் தண்ணீரில் வாய் வைத்தது. செம்பியின் குட்டி அதன் தேற்றைப் பல்லுக்குக் கீழேயே நுழைந்து குடித்தது. அந்தக் கோடையில் அதற்குப் பிறகு ஒரு குட்டியும் சாகவில்லை.

ஒரு நாள் முள்ளம்பன்றி ஒரு பெரிய வள்ளிக்கிழங்கை உருட்டிக்கொண்டு வந்து மொட்டைவாலின் பாதையில் வைத்துவிட்டு, புதருக்குப் பின்னால் காத்திருந்தது.

மொட்டைவால் வந்தது. கிழங்கைப் பார்த்தது. அதைத் தாண்டிக் காலை எடுத்து வைத்து, திரும்பிப் பாராமல் போய்விட்டது.

நீதி: பகை உன்னுடையது, சாகும்வரை வைத்துக்கொள், நோய் உன்னோடு நிற்காது, ஆகையால் காதை நீட்டு.