கற்றாழை வாசலில் ஏறிய கதை

அந்தக் காலத்தில் செடிகளும் பேசின, நாய்களும் பேசின. கற்றாழைக்கு அப்போது கசப்பே கிடையாது. மடலுக்குள் குளிர்ந்த, இனித்த சோறு மட்டுமே இருந்தது.

பனங்காட்டு ஓரத்தில் வெள்ளாச்சி என்றொருத்தி பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி செய்து பிழைத்தாள். கொதிக்கிற பாகு கையில் தெறிக்காத நாளில்லை. தெறித்தால், “கொஞ்சம் சோறு எடுத்துக்கிடுதேன்” என்று குடிசையோரம் நின்ற கற்றாழையிடம் கேட்டு, ஒரு மடலை ஒடித்துப் புண்ணில் தடவுவாள். எரிச்சல் அடங்கிவிடும்.

அவளுடைய நாய் செவலைக்கு இது விளங்கவேயில்லை. சோற்றை யாராவது கையில் பூசுவார்களா?

ஒருநாள் கற்றாழையிடமே கேட்டது. “உனக்குள்ள இருக்கது நெல்லுச்சோறா, கம்மஞ்சோறா?”

“இது தின்கிற சோறு இல்ல செவலை. புண்ணுக்குப் போடுறது.”

“தின்னு பாக்காம எப்படித் தெரியும்?”

வெள்ளாச்சி பதநீர் எடுக்கப் போயிருந்த நேரம் செவலை ஒரு மடலைக் கடித்தது. நாக்கு இனித்தது. மறுநாளும் ஒன்று. “மழை வர நாளாகும், விட்டுரு” என்று செடி கெஞ்சியது. “இன்னைக்கு ஒண்ணே ஒண்ணு” என்றது செவலை. ஒரு வாரத்தில் நடுக்குருத்து மட்டுமே மிஞ்சியது.

அன்றைக்கென்று பாகுச் சட்டி சரிந்தது. முழங்கை வரை வெந்துபோய் ஓடிவந்த வெள்ளாச்சி, மொட்டையாக நின்ற செடியைப் பார்த்தாள். பக்கத்தில் செவலை தலையைத் தொங்கப் போட்டிருந்தது. அவள் அதை அடிக்கவில்லை. உட்கார்ந்து அழுதாள். கை ஆற இரண்டு மாதம் ஆனது. அதுவரை அடுப்பு எரியவில்லை.

கற்றாழை பூமியிடம் முறையிட்டது. “கேக்காமக் கடிக்கிறவங்க வாய் என்னைத் தொடக் கூடாது தாயே.” பூமி அதன் தோலுக்கடியில் மஞ்சள் நீரை ஊறவைத்தது. கசப்பென்றால் அப்படியொரு கசப்பு. மழை பெய்து புது மடல்கள் விட்டதும் செடி வெள்ளாச்சியிடம் சொன்னது: “இனிமே மடலை வெட்டி நிமித்தி வை. மஞ்சத் தண்ணி வடிஞ்ச பிறகு ஏழு தரம் கழுவு. அப்புறம் தொடு.”

செவலை திருந்தித்தான் இருந்தது. ஆனால் வெள்ளாச்சி வெட்டி வைத்த மடலில் வடியும் மஞ்சளைப் பார்த்ததும், ‘நெய்யாக இருக்குமோ?’ என்று தோன்றிவிட்டது. நக்கியதோடு நிற்காமல் மடலையும் மென்று விழுங்கியது.

வாந்தியும் கழிச்சலுமாக இரண்டு நாள் சுருண்டு கிடந்தது. வெள்ளாச்சி அடுப்பை அணைத்துவிட்டு, துணியை நனைத்து நனைத்து அதன் வாயில் தண்ணீர் பிழிந்தாள்.

“இவ்வளவு ஆகும்னு நான் நினைக்கல” என்று கற்றாழை நடுங்கியது.

மூன்றாம் நாள் செவலை வாலை ஆட்டியது. வெள்ளாச்சி நேரே செடியிடம் போனாள். “நீயும் எனக்கு வேணும், அவனும் வேணும். ரெண்டு பேரும் ஒரே தரையில இருக்க முடியாது. மண்ணை விட்டா நீ பிழைப்பியா?”

“காத்தும் பனியும் குடிச்சுப் பிழைச்சுக்கிடுவேன். தூக்கிக் கட்டு.”

அவள் செடியை வேரோடு பிடுங்கி, பனைநாரில் கட்டி, வாசலில் நாய் எம்பினாலும் எட்டாத உயரத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டாள்.

அன்று தொட்டுத்தான் கற்றாழை மண்ணில்லாமலும் வாசல் நிலைக்கு மேலே தலைகீழாகத் தொங்கிப் பச்சை மாறாமல் வாழ்கிறது.