மகுடேசுவரன் பெயரில் வந்த உரிமம்

நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டாலும் மீதி உங்களுக்குப் போதும். விருதுநகரில் கடைகடையாகப் போய்க் கணினி பழுதுபார்க்கும் எபனேசர், பில் போடும் மென்பொருள் ஒன்றை நாற்பது கடைகளுக்கு நகலெடுத்துக் கொடுத்துவிட்டான். அதை விற்கும் கம்பெனி முதலாளி மகுடேசுவரன் ஏழு கார்களோடு வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் வந்து இறங்கினார்.

"இவன் திருடன். சாயங்காலத்துக்குள்ள நாற்பதையும் அழிக்கணும். இல்லேன்னா ஜெயில்தான்."

எபனேசர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். "ஐயா, இது முழுக்க நீங்களே எழுதினதுங்களா?"

"ஒவ்வொரு எழுத்தும் என்னோடதுடா."

"அப்போ இதோட வந்த உரிமத்தை வாசிக்கிறேனுங்க." தன் மடிக்கணினியின் திரையைப் பார்த்து உரக்க வாசித்தான்: "மகுடேசுவரன் ஆகிய நான் எழுதிய இந்த மென்பொருளை யாரும் இலவசமாக நகலெடுக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எபனேசர் இணையத்திலிருந்து அசலையும் எடுத்துப் பக்கத்தில் திறந்தான். அதே வரிகள்தான், எழுதியவர் பெயர் மட்டும் பூங்காவனம். அந்த அம்மாள் ஊருக்கே பொதுவாகக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு, அவர் பெயர் வரும் இடத்திலெல்லாம் தன் பெயரைப் போடச் சொல்லிக் கணினிக்குக் கட்டளையிட்டிருக்கிறார் முதலாளி. அது உரிமத்தையும் விட்டுவைக்கவில்லை.

"நீங்க எழுதியிருந்தா இது நீங்க கொடுத்த அனுமதி. அந்தம்மா எழுதியிருந்தா அவங்க கொடுத்தது. நான் யார்கிட்டங்க திருடினேன்?"

முதலாளி வாயைத் திறப்பதற்குள் பென்டிரைவும் கையுமாகப் பஸ் ஸ்டாண்டு வரை வரிசை நின்றுவிட்டது. அதில் மூன்றாவது ஆள் அவருடைய டிரைவர்.