வெயிலை ஏசின கிழவி

ஏட்டி கனி, வேர்க்குது வேர்க்குதுன்னு புரளாதே. மத்தியானக் கரன்ட் போனா இன்னும் ஒரு மணி நேரத்துக்கு வராது. பெரியம்மா விசிறுதேன், கதை கேளு. ‘ம்’ கொட்டணும், கொட்டலேன்னா நிறுத்திருவேன்.

ஒரு ஊர்ல ஒரு கிழவி இருந்தா. அந்த ஊரு ஸ்பெயின்ல இருக்கு, ரெண்டு பிளேன் மாறிப் போகணும். கிழவி பேரு பிலார். அவளுக்கு வெயிலும் ஆகாது, குளிரும் ஆகாது, காத்தும் ஆகாது. கண்ணு முழிச்சதும் ‘கே கலோர்’ம்பா. அப்படின்னா என்னா வெக்கைன்னு அர்த்தம். லேசாக் காத்தடிச்சா ‘கே ஃப்ரியோ’, என்னா குளிருன்னு. நாள் பூரா தொணதொணன்னு இதே பாட்டுதான். அவ மட்டுமில்ல, அந்த ஊர்ல லிஃப்ட்ல ஏறினாலே வணக்கத்துக்குப் பதிலா எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க. ம்?

அப்புறம், அந்தக் கிழவியைப் பார்த்துக்கிட ஒருத்தி வேலைக்குப் போனா. நம்ம தூத்துக்குடி உப்பளத்துக்காரி. உப்பளத்துல வெயிலை ஏசவே கூடாது, தெரியும்லா? வெயிலு காஞ்சாத்தான் உப்பு, உப்பு விளைஞ்சாத்தான் கஞ்சி. கால் வெந்து கொப்புளம் போட்டாலும் ஒருத்தியும் வாயைத் திறக்க மாட்டா. சோறு போடுத சாமியை எவளாவது ஏசுவாளா? அதனால கிழவி ‘கே கலோர்’னு சொல்லச் சொல்ல இவளுக்கு நெஞ்சு பதறும், எரிச்சலாவும் வரும்.

அப்போ ஒரு ஆடி மாசம், அங்க நெருப்பா கொளுத்துது. கிழவி காலைலேர்ந்து விடாம முனகுதா. இவளுக்குப் பொறுக்கல. “இன்னொரு வாட்டி வெயிலை ஏசினா பெட்டியைத் தூக்கிட்டு ஊருக்குப் போயிருவேன்”னு கையை ஆட்டி, பெட்டியைக் காட்டிச் சொல்லிட்டா. கிழவிக்கு இவளை விட்டா வேற நாதி கிடையாது. அதோட கப்சிப்.

ம் சொல்லு. ஆங்.

அப்புறம் இவ நிம்மதியாப் பாத்திரம் தேய்க்கா. டிக்கு டிக்குன்னு கடிகாரச் சத்தம் மட்டுந்தான். மணி ரெண்டாச்சு, மூணாச்சு. கிழவி சத்தமே இல்ல. இவ தேய்ச்ச பாத்திரத்தை அப்படியே போட்டுட்டு எந்திரிச்சா. போய்ப் பார்த்தா கிழவி நாற்காலியில சரிஞ்சு கிடக்கா. உடம்பு தோசைக்கல்லாக் கொதிக்குது, வேர்வை ஒரு பொட்டு இல்ல. கூப்பிட்டா முழிக்கல.

சளார்னு தண்ணியை ஊத்தி, ஈரத் துண்டைப் போட்டுட்டு, தடதடன்னு வெளிய ஓடினேன். ஆமாட்டி, நான்தான் அவ. கண்டுபிடிச்சிட்டியே. குறுக்க பேசாதே.

யாரைக் கூப்பிட, என்னத்தைச் சொல்லன்னு ஒண்ணும் புத்தியில ஏறல. எனக்கு அந்தப் பாஷையில கிழவி ஏசினது மட்டுந்தான் தெரியும். முதல் கதவைத் தட்டி ‘கே கலோர், கே கலோர்’ங்கேன். அந்த ஆளு ஆமா ஆமான்னு தலையாட்டிட்டுக் கதவைச் சாத்திட்டான். ரெண்டாவது கதவுல ஒரு அம்மா, பாவம்னு ஒரு தம்ளர் தண்ணி கொடுத்தா. மூணாவது கதவுல நூரியான்னு ஒரு பிள்ளை, லிஃப்ட்ல தினம் பார்க்கிறவ. என் மூஞ்சியை ஒரு பார்வை பார்த்தா, செருப்புகூடப் போடாம பின்னாலயே ஓடியாந்துட்டா. இத்தனை மாசத்துல நீ ஒரு நாளும் வெயிலையோ குளிரையோ குறை சொன்னதில்ல, அன்னிக்கு நீயே சொல்லவும் பயந்துட்டேன்னு, எனக்குப் பாஷை கொஞ்சம் பிடிபட்டப்புறம் அவ சொன்னா. அவதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டா.

ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் கிழவி கண்ணைத் திறக்கல. நான் கால்மாட்டுல உக்காந்து, “ஏசும்மா, எவ்வளவு வேணும்னாலும் ஏசு, நான் எங்கயும் போகல”ன்னு தமிழ்லயே சொல்லிக்கிட்டுக் கிடந்தேன். பாவி, நான்தானே அவ வாயை அடைச்சேன். மூணாம் நாள் காலைல உதடு அசைஞ்சுது. குனிஞ்சு கேட்டா, அந்த ஆஸ்பத்திரி ஏ.சி. குளிருக்கு ‘கே ஃப்ரியோ’ங்கா. எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துட்டு. கம்பளியைப் போத்திவிட்டு நானும் சொன்னேன், “ஆமாம்மா, கே ஃப்ரியோ.”

கதை கரையேறிட்டு.

கனி? ஏட்டி, கனி? இவ்வளவு நேரம் வேர்க்குது வேர்க்குதுன்னு உயிரை வாங்கினியே, ஒரு ‘ம்’ சொல்லு.

நெத்தி ஈரமாத்தான் இருக்கு. மூச்சும் வருது. சரி, உறங்கு தாயி. முழிச்சதும் வேர்க்குதுன்னு சொல்லு, நான் இங்கனதான் இருக்கேன்.