கோபுரத்துக்குக் குறி வைத்தவர்

பட்டாளத்து ஆவுடையப்பன் பர்மாச் சண்டையின்போது நான்காண்டுக் காலம் ஒரு போர்விமான முகாமில் இருந்தவர் என்பதில் ஊரில் எவருக்கும் ஐயமில்லை. அங்கே அவர் என்ன செய்தார் என்பதில்தான் கருத்து வேறுபாடு. குண்டு போட்டதாக அவர் சொல்வார். வெங்காயம் உரித்தார் என்பது அவர் நெஞ்சுக்குத் தெரியும். ஆயிரம் விமானங்கள் அவர் தலைக்கு மேலே ஏறிப் போயின. ஒன்றில்கூட அவர் ஏறியதில்லை. அறுபத்தெட்டு வயதிலும் அந்தக் குறை ஆறவில்லை.

இப்போது அதற்கு ஒரு வழி பிறந்திருந்தது. குடமுழுக்கு நாளன்று ஹெலிகாப்டரிலிருந்து கோபுரக் கலசங்களின்மேல் பூத் தூவுவது என்று சிவன் கோயில் திருப்பணிக் குழு முடிவு செய்திருந்தது. விமானியைத் தவிர ஒருவருக்கு மட்டுமே அதில் இடம். போன மாதம் பக்கத்து ஊரில் இதே வேலையைச் செய்யப்போய், அத்தனை பூவும் காற்றில் விலகிச் சந்தையில் விழுந்து, கருவாட்டுக் கூடைகளுக்கு அருச்சனை நடந்துவிட்டது. ஆகவே குறி தவறாத ஆளாகத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்று குழுத்தலைவர் குற்றாலிங்கம் வசந்த மண்டபத்தில் கூட்டம் கூட்டியிருந்தார்.

அந்த இடத்தைக் கேட்டவர்கள் இருவர். ஒருவர் ஆவுடையப்பன். மற்றவள் பத்துக் கூடைப் பூவையும் தருவதாக ஒப்புக்கொண்டிருந்த பூக்கடை உலகம்மாள். ஓய்வுபெற்ற தபால்காரர் வேலுமயிலும் வந்திருந்தார். அவருக்கு இடம் வேண்டியதில்லை. எதையும் நம்பாதிருப்பதே அவருடைய பொழுதுபோக்கு.

"குறி வச்சுப் போட்டுப் பழக்கம் உண்டா அண்ணாச்சி?" என்று தலைவர் தொடங்கினார்.

"என்ன தலைவரே, எங்கிட்டயா கேக்கீரு?" என்று ஆவுடையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "மேலேயிருந்து போட்டா நேரே கீழே விழும்னு நெனைக்காதீரும். விமானம் போற வேகத்துல குண்டும் கூடவே முன்னால ஓடும். பாலத்துக்கு நேரா வந்து விட்டீருன்னா அது எவன் தோட்டத்துலயோ போயி விழும். ரொம்ப முன்னாலயே விடணும். இதுல காத்து வேற. ஒரே ஒரு பாலத்துக்கு வெள்ளைக்காரன் ஒம்பது நாள் குண்டு போட்டான். செத்தது பூராவும் ஆத்து மீனு."

இதுவரை சொன்னது உண்மை. விமானிகள் சாப்பாட்டு மேசையில் புலம்பியதைக் காதால் கேட்டது. இனிச் சொல்லப்போவதற்கு அந்தக் குறை இல்லை.

"பத்தாம் நாள் துரை எங்கிட்ட வந்தான். 'அப்பன், நீ போ'ன்னான். போனேன். பன்னீராயிரம் அடி. பாலம் தீக்குச்சி மாதிரி கெடக்கு. பாலத்தை அடிக்க நான் எதுக்கு? அதைத் தாங்குற ஒத்தத் திருகாணியைப் பாத்து விட்டேன். ஆணி கழண்டுது. பாலம் அலுங்காமக் குலுங்காம ஆத்துல படுத்துக்கிட்டுது."

"அம்புட்டு ஒசரத்துலேருந்து திருகாணி தெரிஞ்சுதாக்கும்?" என்றார் வேலுமயில்.

"துருப்பிடிச்சிருந்துதுவே. செவப்பாத் தெரிஞ்சுது."

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. ஆயினும் தலைவர் தலையை ஆட்டியதை ஆவுடையப்பன் கவனித்தார். ஆடுகிற தலையை நிற்கவிடலாகாது.

"இதாவது பரவாயில்ல. எதிரித் தளபதி ஒருத்தன் கூடாரத்து வாசல்ல ஒக்காந்து தேத்தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்தான். விட்டேன் பாரும், குண்டு நேரே கோப்பைக்குள்ள!"

"வெடிச்சா ஆளும் கோப்பையும் சேந்துல்லா போயிருக்கும்?" என்று உலகம்மாள் கேட்டாள்.

"வெடிக்க விடலை, உலகு. எங்க துரைக்கு அந்தக் கோப்பை மேல ஒரு கண்ணு. பீங்கான். கீறல் விழப்படாதுன்னு உத்தரவு. சக்கரைக்கட்டி மாதிரி உள்ள விழுந்துது. அவன் கரண்டியை விட்டுக் கலக்கிப் பாத்தான், கரையலை. கோப்பையை வச்சுட்டு ஓடிட்டான்."

"கோப்பைக்குள்ள குண்டு எப்படிவே கொள்ளும்?" என்றார் வேலுமயில்.

"பெரிய கோப்பை."

தலைவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அவருக்குக் கருவாட்டுக் கவலை. "காத்து எதுத்து அடிச்சா என்ன செய்வீரு?"

"அப்படிக் கேளும். ஒருநா குண்டு கையை விட்டுப் போன பொறவு காத்து மாறிட்டுது. குண்டு ஒரு புத்தர் கோயில் பக்கமாச் சாயுது. விடுவனா? ரெண்டாவது குண்டைப் போட்டு மொதக் குண்டை ஒரு தட்டு தட்டினேன், கோலி அடிக்க மாதிரி. தட்டு கொஞ்சம் பலமாப் போச்சு. மூணாவதைப் போட்டு அந்தப் பக்கமிருந்து ஒரு தட்டு. எல்லாம் சரியாகி எறங்குது, அப்பப் பாத்துச் சேதி வருது: கீழ இருக்கது நம்ம ஆளுக, போடாதேன்னு! என்ன செய்ய? விமானத்தைக் குப்புற எறக்கிக் குண்டுக்குக் கீழ கொண்டுபோயி, வெங்காயச் சாக்கை விரிச்சு மூணையும் பிடிச்சுட்டேன்!"

வேலுமயில் ஒற்றை விரலை உயர்த்தினார்.

"சண்டை விமானத்துல வெங்காயச் சாக்கு எதுக்குவே?"

ஆவுடையப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மறுபடியும் உதறினார். வேலுமயில் விடவில்லை.

"எங்க பெரியத்தான் அதே முகாம்லதான் இருந்தாரு. நீரு சமையக்கட்டை விட்டு வெளியவே வந்ததில்லன்னு சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணுவாரு. இதுக்குப் பதில் சொல்லும் பாப்போம்."

தலைவரின் பென்சில் 'ஆவுடையப்பன்' என்ற பெயருக்கு மேலே வந்து நின்றது. அடித்துவிட்டால் தீர்ந்தது, அடுத்த குடமுழுக்கு வரப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும். ஆவுடையப்பன் கண்ணை மூடித் திறந்தார். அதற்குள் பொய் வந்து வாசலில் நின்றது.

"உம்ம அத்தான் சொன்னது சத்தியமான வார்த்தை! சமையக்கட்டுலதான் இருந்தேன். ஏன்னு கேட்டீரா? ரெண்டாவது வருசத்துலேருந்து துரைமாரு என்னை மேல ஏத்தலை. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா சண்டையே கையை விட்டுப் போயிரும்லா? ஒற்றன் கண்ணுல படாம இருக்க வெங்காயத்துக்குள்ள ஒளிச்சு வச்சாங்க. குண்டெல்லாம் மொதல்ல எங்கிட்ட வரும். அது காதுல விலாசத்தைச் சொல்லுவேன். ஊரு, தெரு, கூடாரம், அம்புட்டுத்தான். மேல போறவன் கண்ணை மூடிக்கிட்டுத் தள்ளினாப் போதும். வடக்க தள்ளினாலும் தெக்க தள்ளினாலும் போயிச் சேந்துரும். ஒரு குண்டுக்கு விலாசக்காரன் எடம் மாறிட்டான். அது பக்கத்துக் கூடாரத்துல விசாரிச்சுட்டுப் போச்சுவே!"

முப்பது ஆண்டுகள் தபால் கொடுத்த வேலுமயில் உயர்த்திய விரலை மடக்கிக்கொண்டார். தலைவரின் பென்சில் தாளை விட்டு விலகியது. ஆவுடையப்பனின் காதோரம் அப்போதே ஹெலிகாப்டர் காற்று வீசத் தொடங்கிவிட்டது.

உலகம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"என் கவலை தீந்துது அண்ணாச்சி. பத்துக் கூடையையும் காலம்பற உங்க வீட்டு வாசல்ல எறக்கிடுதேன், விலாசத்தைச் சொல்லி அனுப்பிருங்க. கண்ணை மூடிக்கிட்டுத் தள்ளுறதுக்கு நான் போயிக்கிடுதேன்."