ரெடி சொல்லும் முன்

“அந்த மீசைக்காரரு பம்பு மேலயே சாஞ்சு நின்னாரு, அக்கா. முகமெல்லாம் வேர்வை. தண்ணி குடுத்தேன், வேண்டாம்னுட்டாரு.”

தென்னை நார் ஆலையில் வேலை செய்யும் பெண் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்லிக்கொண்டு போனாள். ஜீப்பில் ஏறப்போன தீயணைப்பு நிலைய அலுவலர் மங்கையர்க்கரசியின் காதில் அது விழுந்தது. மீசைக்காரர் என்றால் ஓட்டுநர் சவரிமுத்து. பெரிய வண்டியை எடுத்துக்கொண்டு அவர் அதற்குள் கிளம்பியிருந்தார்.

விடியலில் பிடித்த தீ. நார்க் குவியல் உள்ளுக்குள்ளேயே கனலும். அணைத்த இடம் மறுபடி புகையும். அணைத்து முடிக்க ஒன்பது மணி நேரம் ஆகிவிட்டது.

மங்கையர்க்கரசி நிலையத்துக்கு வந்தபோது சவரிமுத்து வண்டியின் தொட்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். அலுவலரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஆனாலும், புதன்கிழமைகளில் மங்கையர்க்கரசி எடுக்கும் முதலுதவி வகுப்பில் குறிப்பெடுத்துக்கொள்பவர் சவரிமுத்து ஒருவர்தான்.

இடது கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார்.

“உட்காருங்கண்ணே.”

“வண்டி ரெடின்னு சொல்லாம எப்படி மேடம் உட்காருறது?”

அங்கே அதுதான் முறை. தொட்டியை நிரப்பி, ஓஸ் குழாயை அலசி, வண்டி அடுத்த தீக்குத் தயார் என்று வயர்லெஸ்ஸில் சொன்ன பிறகுதான் டீயே வரும்.

“அதை ஷாஜகான் பார்த்துக்குவார். உங்ககிட்ட ஒரு கேள்வி. ஒருத்தருக்கு வேர்த்துக் கொட்டுது. இடது கை வலிக்குது. என்ன செய்வீங்க?”

“உட்கார வெப்பேன். நடக்க விடமாட்டேன். நேரா ஆஸ்பத்திரி.”

“வெறும் வாயுன்னு சொல்றார்.”

“எல்லாரும் அதத்தான் மேடம் சொல்லுவாங்க. நம்பக்கூடாது.”

“சரி.”

சவரிமுத்து தேய்ப்பதை நிறுத்தினார்.

“எனக்கு நிஜமாவே வாயுதான், மேடம்.”

ஓஸைச் சுருட்டிக்கொண்டிருந்த தீயணைப்பு வீரர் ஷாஜகான் சிரித்துவிட்டார். சவரிமுத்து சிரிக்கவில்லை. மெல்ல வண்டியின் படியில் உட்கார்ந்தார்.

“டாக்டர்கிட்டப் போனா ஸ்டியரிங்கைப் பிடுங்கிருவாங்க. தபால் பிரிக்கிற வேலைல போட்ருவாங்க. இருபத்தாறு வருஷம் ஓட்டிட்டேன். அதுக்கு இப்படியே போயிரலாம்.”

“போன மாசம் கியர்ல சத்தம் கேட்டப்ப வண்டியை எடுக்க மாட்டேன்னீங்களே?”

“வழியில நின்னா யாரு பதில் சொல்றது?”

மங்கையர்க்கரசி வயர்லெஸ் அறைக்குள் போனார். ஜன்னல் வழியாக அவர் குரல் கேட்டது.

“கட்டுப்பாட்டு அறை, வண்டி தயார். தொட்டி முழுசா இருக்கு. ஓட்டுநர் பழுது. அழைப்பு வந்தா பக்கத்து நிலையத்துக்குக் கொடுங்க.”

கொஞ்ச நேரம் இரைச்சல்.

“சரியா கேக்கல மேடம். வண்டி பழுதா?”

“வண்டி நல்லா இருக்கு. ஓட்டுநர் பழுது. பழுது பார்க்கக் கூட்டிட்டுப் போறேன்.”

ஷாஜகான் ஓஸைக் கீழே வைத்தார். ஓடிப்போய் ஜீப்பை எடுத்துவந்து படியோரம் நிறுத்தி, இறங்கி நின்றார்.

மங்கையர்க்கரசி வெளியே வந்தார். சவரிமுத்துவின் கண்கள் கலங்கியிருந்தன.

“மானத்தை வாங்கிட்டீங்களே, மேடம். ஜில்லா பூரா கேட்டிருக்கும்.”

“கேக்கட்டும்ணே. இந்நேரம் எந்த நிலையத்துல யார் கையைத் தேய்ச்சுக்கிட்டு நிக்கிறாரோ, அவருக்கும் கேக்கட்டும்.”

சவரிமுத்து படியிலிருந்து எழுந்தார். பழக்கத்தில் ஜீப்பின் வலப்பக்கம் போய்க் கதவில் கை வைத்தார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. சற்று அப்படியே நின்றார்.

பிறகு பானெட்டைப் பிடித்துக்கொண்டே மெதுவாகச் சுற்றி வந்து, இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்தார்.