பேட்டரிக்குத் துணை இருந்த மாப்பிள்ளை

உடுமலைப் பக்கம் சென்னியப்பன் குடும்பத்தாரிடம் யாரும் பாதி விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போவதில்லை. மீதியை அவர்களே யோசித்துவிடுவார்கள் என்ற பயம்தான்.

அவருடைய அண்ணன் மகன் திருமூர்த்திக்கு வயது முப்பத்தெட்டு. லேப்டாப்பில் ஊராரின் கல்யாணப் பத்திரிகைகளைச் செய்து தருபவன். ஒருவழியாக அவனுக்கும் சென்னையில் ஒரு பெண் அமைந்தது. வெள்ளிக்கிழமை ராகுகாலத்துக்கு முன்னால் வந்து பார்க்க வேண்டும், தவறினால் சாயங்காலம் வேறு இடத்தார் வருகிறார்கள் என்று பெண்ணின் அப்பா சொல்லிவிட்டார். கோவையிலிருந்து விமானத்துக்கு டிக்கெட் எடுத்தார்கள்.

போகிறவர்கள் மாப்பிள்ளை, சித்தப்பா சென்னியப்பன், மச்சான் நாச்சிமுத்து. நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகலாமா? கூடாது. ஆகவே லேப்டாப்பை நான்காவது ஆளாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

விமான நிலையத்தில் கவுன்டர் பெண் அதைத் திருப்பி, மாடல் எண்ணைப் பார்த்தாள்.

"சார், இந்த பேட்டரி தீப்பிடிக்குதுன்னு கம்பெனியே திரும்ப வாங்கிட்டு இருக்காங்க. பிளேன்ல ஏத்த முடியாது. பேட்டரியைக் கழட்டி இங்கயே விட்டுட்டு, வெறும் லேப்டாப்பை எடுத்துட்டுப் போங்க."

திருமூர்த்தி கழற்றினான். ஓடிக்கொண்டிருந்த திரை கறுத்தது. சித்தப்பா மெல்லச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"உசுரு போயிருச்சு. இனி இதை ஆளாக் கணக்கு வெக்க முடியாது. இப்ப நாம மூணு பேர்தான்" என்றார்.

நாச்சிமுத்து ஓடிப்போய் வாசல் தோட்டத்திலிருந்து நாலாவது ஆளுக்கு ஒரு கல்லை எடுத்துவந்தான்.

"கல்லைக் கையில கொண்டுபோக விட மாட்டாங்க சார். பெட்டியில போட்டுடுங்க" என்றாள் கவுன்டர் பெண்.

"ஏனுங்கம்மா, பெட்டிக்குள்ள கெடக்கறவன் நம்ம கூட வர்றவனாகுமா?" என்று கேட்டார் சித்தப்பா.

யாரைக் கேட்பது என்று அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பாவம், வேலைக்குச் சேர்ந்தே பதினைந்து நாள்தான் ஆகிறது.

சித்தப்பா தீர யோசித்தார். "ரெண்டு பேராப் போனா தோஷமில்ல. ஒருத்தர் நின்னுக்கோணும். நான் நின்னா அங்க பேசறது யாரு?"

"நான் நின்னா பலகாரம் சாப்பிடறது யாருங்க?" என்றான் நாச்சிமுத்து.

இருவரும் திருமூர்த்தியைப் பார்த்தார்கள்.

"பொண்ணு எனக்குத்தானுங்களே, சித்தப்பா?"

"அதனாலதான்டா சொல்றேன். மூணு பேராப் போயி காரியம் கெட்டா யாருக்கு நட்டம்? உனக்குத்தானே? அதுவுமில்லாம, பேட்டரிய விட்டுட்டுப் போகச் சொல்லுது இந்தப் புள்ள. தீப்பிடிக்கிற சாமானத் தனியா விடலாமா?"

திருமூர்த்திக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் நியாயம் நியாயம்தானே. பேட்டரியை ஒரு நாற்காலியில் வைத்து, பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்தான். ஒலிபெருக்கியில் அவன் பெயரை மூன்று முறை அழைத்தார்கள். மூன்று முறையும் எழுந்து நின்று, "வரலீங்க" என்று மரியாதையாகச் சொன்னான்.

ராகுகாலத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மற்ற இருவரும் பெண் வீட்டுக்குள் நுழைந்தார்கள். மாப்பிள்ளை எங்கே என்று பெண் வீட்டார் கேட்டார்கள். சித்தப்பா ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். பெண்ணின் அப்பா விருட்டென்று எழுந்து நின்றார். நாச்சிமுத்து பயத்தில் இரண்டாவது ஜாங்கிரியை எடுத்தான்.

உள்ளேயிருந்து பெண் கோமளவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அப்பா, பதினோரு பேர் வந்து பார்த்துட்டு வேணாம்னு போனாங்க. இந்தக் கல்யாணம் நடக்கணுமேன்னு வராமலே இருந்தவர் இவர் ஒருத்தர்தான். எனக்குச் சம்மதம்."

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. சித்தப்பாவின் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"ராசியான மாப்பிள்ளைங்க. வராமலே முடிச்சுக் கொடுத்துட்டாரு. முகூர்த்தத்துக்கும் வர வேணாம்னு சொல்லிடுங்க."

"அதையேதான் நானும் சொல்ல வந்தேன்" என்றார் சித்தப்பா.